வாக்கியக் கணக்கைக் கற்பிக்க ஐந்து வழிகள்: நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு. பலகையில் வாக்கியக் கணக்கை எழுதி முடிப்பதற்குள் ஒரு குரல் எழும்: “டீச்சர், இது கூட்டலா, கழித்தலா?” கடைசி வரியை நான் இன்னும் எழுதியே இருக்க மாட்டேன். கேட்கிற பிள்ளைக்குக் கூட்டலும் தெரியும், கழித்தலும் தெரியும். நான்கு இலக்க எண்ணைப் பிசகில்லாமல் வகுக்கிற பிள்ளையே மூன்று வரிக் கதைக்கு முன்னால் திகைத்து உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இதைச் சரிசெய்ய ஆசிரியர்கள் கையாளும் வழிகளில் ஐந்து முக்கியமானவை. குறிச்சொற்களைத் தேடச் சொல்வது, போல்யாவின் நான்கு படிகளைப் பழக்குவது, பட்டைப்படம் வரையவைப்பது, முழுதாகச் செய்துகாட்டிய கணக்குகளிலிருந்து தொடங்குவது, எதுவும் சொல்லித்தராமல் முதலில் முட்டிமோதவிட்டுப் பிறகு கூடிப் பேசுவது. ஐந்தையும் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன், சிலவற்றை ஆண்டுக்கணக்கில். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் முழுமையாகச் செய்ய யாருக்கும் நேரம் இராது. எதை நடுவில் வைப்பது, எதை அவ்வப்போது எடுப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவுசெய்தாக வேண்டும்.

அந்த முடிவை வழிகளின் புகழை வைத்து எடுக்கக்கூடாது என்பதுதான் என் கருத்து. உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பார்த்து எடுக்க வேண்டும். அதனால் ஒப்பீட்டுக்கு முன்னால் ஒரு சிறு வேலை இருக்கிறது.

தடுக்கும் இடம் எது?

ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் 1977-ல் முன்வைத்த ஒரு முறை இதற்கு இன்றும் நன்றாக உதவுகிறது. வாக்கியக் கணக்கைப் போடும் பிள்ளை ஐந்து வாசல்களைத் தாண்ட வேண்டும் என்கிறது அது. கணக்கைப் படிக்க வேண்டும், என்ன கேட்கிறது என்று புரிய வேண்டும், கதையைக் கணிதச் செயலாக மாற்ற வேண்டும், பிழையில்லாமல் கணக்கிட வேண்டும், கிடைத்ததைக் கேள்விக்கு உரிய விடையாக எழுத வேண்டும். தவறாகப் போட்ட பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே கணக்கை மறுபடி கொடுத்து, இந்த வரிசையில் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்: “படித்துக் காட்டு. என்ன கண்டுபிடிக்கச் சொல்கிறது? எப்படிக் கண்டுபிடிக்கப்போகிறாய்? செய்து காட்டு, செய்யும்போதே வாய்விட்டுச் சொல். இப்போது விடையை முழு வாக்கியமாகச் சொல்.” முதலில் எங்கே நிற்கிறதோ, அதுதான் தடுக்கும் இடம்.

ஒரு பிள்ளைக்கு நான்கைந்து நிமிடம் போதும். வகுப்பு முழுவதையும் கேட்க முடியாவிட்டால் பத்துப் பேரிடம் கேட்டாலே படம் தெரிந்துவிடும். நான் இதைச் செய்த ஒவ்வொரு வகுப்பிலும் பெரும்பாலோர் இரண்டாவது, மூன்றாவது வாசல்களில்தான் நின்றார்கள். கணக்கிடும் இடத்துக்கு வருவதற்கு முன்பே பிழைகளில் பெரும்பங்கு நடந்துவிடுகிறது என்றே நியூமனும் அவர் வழியில் ஆராய்ந்தவர்களும் கண்டார்கள். அப்படியிருக்க, வாக்கியக் கணக்கு வரவில்லை என்று வாய்ப்பாட்டையும் நீள்வகுத்தலையும் மறுபடி மறுபடி எழுதவைப்பது, கால் வலிக்கிறவனுக்குக் கையில் மருந்து தடவுவதுபோல் ஆகிவிடுகிறது.

முதல் வாசலிலேயே நிற்கும் பிள்ளைக்குக் கீழே வரும் ஐந்து வழிகளும் உதவா. அவர்களுக்குக் கணக்கைப் படித்துக் காட்டுங்கள், வாசிப்புக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். நான்காவது வாசலில் நிற்பவர்களுக்குக் கணக்கிடும் பயிற்சியே தேவை. மற்ற மூன்று வாசல்களில் நிற்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

குறிச்சொல் தேடுவது

“மொத்தம் என்றால் கூட்டு. மீதி என்றால் கழி. ஒவ்வொரு என்றால் பெருக்கு. சமமாகப் பிரி என்றால் வகு.” இந்தப் பட்டியல் பல வகுப்புச் சுவர்களில் வண்ணத்தாளில் தொங்குகிறது. என் வகுப்பிலும் சில ஆண்டுகள் தொங்கியது. ஐந்து வழிகளில் மிக எளிதாகச் சொல்லித்தரக்கூடியதும் மிக வேகமாக மதிப்பெண் தருவதும் இதுதான். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பாடநூல் கணக்குகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலுக்குப் பொருந்திவிடுகின்றன. அதனால்தான் நாமும் இதை நம்பிவிடுகிறோம்.

இப்போது இந்த மூன்றையும் பாருங்கள்.

அக்காவிடம் 24 புத்தகங்கள் உள்ளன. இது தம்பியிடம் இருப்பதைவிட 8 அதிகம். தம்பியிடம் எத்தனை?

பெட்டியிலிருந்து 15 பென்சில்களை எடுத்துக் கொடுத்த பிறகு மீதி 27 இருந்தன. முதலில் எத்தனை இருந்தன?

மூன்று அலமாரிகளில் மொத்தம் 96 புத்தகங்கள் சமமாக அடுக்கப்பட்டுள்ளன. ஓர் அலமாரியில் எத்தனை?

முதல் கணக்கில் ‘அதிகம்’ என்பதைப் பிடித்த பிள்ளை கூட்டி 32 என்று எழுதும். விடை 16. இரண்டாவதில் ‘மீதி’ கழிக்கச் சொல்லும், ஆனால் கூட்ட வேண்டும். மூன்றாவதில் ‘மொத்தம்’ என்ற சொல் இருக்கிறது, செய்ய வேண்டியதோ வகுத்தல். இப்படிச் சொல் ஒரு பக்கமும் செயல் இன்னொரு பக்கமும் இழுக்கும் ஒப்பீட்டுக் கணக்குகளில் கல்லூரி மாணவர்களே தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள் என்பதை லூயிஸ், மேயர் இருவரும் 1987-ல் காட்டினார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் சுவர்ப்பட்டியலைக் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. நம் மொழியில் யார் கொடுத்தார், யார் பெற்றார் என்பதைத் தனிச் சொல் சொல்வதில்லை, வேற்றுமை உருபு சொல்கிறது. “அக்கா தம்பிக்கு 5 கோலிக்குண்டு கொடுத்தாள்” என்பதையும் “அக்காவுக்குத் தம்பி 5 கோலிக்குண்டு கொடுத்தான்” என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே அக்கா, அதே தம்பி, அதே ஐந்து. ஒரு ‘கு’ இடம் மாறியதில் கதையே தலைகீழாகிவிட்டது. ‘இடம்’, ‘இடமிருந்து’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் இதே மாதிரிதான். முழுச் சொல்லைத் தேடி ஓடும் கண், சொல்லின் வாலில் ஒட்டியிருக்கும் இந்தச் சிறு எழுத்துகளைத் தாண்டிப் போய்விடுகிறது. போதாததற்கு, தமிழ் வாக்கியத்தில் கேள்வி கடைசியில் வருகிறது. எண்களைப் பார்த்த வேகத்தில் பென்சிலை எடுத்துவிட்ட பிள்ளை கேள்வி வரைக்கும் போவதேயில்லை.

இதன் முடிவு எப்படி இருக்கும் என்பதற்குப் பிரான்சில் கிடைத்த ஒரு சான்று போதும். கிரெனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் ஏறத்தாழ 1980-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டார்கள்: “ஒரு கப்பலில் 26 செம்மறிகளும் 10 ஆடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?” 97 பேரில் 76 பேர் கொடுத்த எண்களைக் கொண்டே ஒரு வயதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மந்தமான பிள்ளைகள் அல்லர். கணக்கு என்றால் எண்களை எடுத்து ஏதாவது செய்வது என்று பள்ளி அவர்களுக்குப் பழக்கியிருந்தது.

குறிச்சொல் பட்டியலை ‘ஓரளவுக்கு வைத்துக்கொள்ளலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்றே சொல்வேன். சொல்லைக் கவனிக்கவைப்பது வேறு, சொல்லைச் செயலோடு முடிச்சுப்போடுவது வேறு. முன்னது தேவை, பின்னது இரண்டாவது வாசலையே மூடிவிடுகிறது.

போல்யாவின் நான்கு படிகள்

ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1945-ல் எழுதியது: கணக்கைப் புரிந்துகொள், திட்டமிடு, திட்டத்தைச் செயல்படுத்து, திரும்பிப் பார். உலகெங்கும் பாடத்திட்டங்களில் இந்த நான்கும் ஏதோ ஒரு வடிவில் இடம்பெற்றுவிட்டன. நல்ல சிந்தனையாளர் ஒருவர் தன் மனம் வேலை செய்யும் விதத்தைக் கவனித்துச் சொன்னவை என்பதால் இவற்றில் தவறே கிடையாது.

ஆனால் நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் “திட்டமிடு” என்று சொல்லிப் பாருங்கள். “எப்படி டீச்சர்?” என்று கேட்கும். கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறது. போல்யாவின் படிகள், கணக்குப் போடத் தெரிந்தவர் என்ன செய்கிறார் என்பதை விவரிக்கின்றன. தெரியாதவர் அதைச் செய்ய அவை போதுமான கைப்பிடி தருவதில்லை என்று ஆலன் ஷோன்ஃபெல்ட் 1980-களில் எடுத்துக்காட்டினார். ‘படம் வரை’, ‘சிறிய கணக்காக்கிப் பார்’, ‘பின்னாலிருந்து வா’ என்ற ஒவ்வோர் உத்தியும் உண்மையில் ஒரு டஜன் சிறு உத்திகளின் தொகுப்பு. அவற்றைத் தனித்தனியாக, நிறைய உதாரணங்களோடு பழக்கினால்தான் பிள்ளை கையில் தங்கும். நோட்டில் நான்கு தலைப்புகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஏதோ ஒரு வரி நிரப்பும் பழக்கம் பல வகுப்புகளில் வந்துவிட்டது. விடையைக் கண்டுபிடித்த பிறகு ‘புரிந்துகொள்’ கட்டத்தை நிரப்பும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே முழுச் சட்டகமாக இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

ஒன்று, திரும்பிப் பார்ப்பது. ஐந்தாவது வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு இதுவே மருந்து. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசியத் தேர்வு ஒன்றில் 13 வயதினரிடம் கேட்கப்பட்ட கணக்கு புகழ்பெற்றது. ஒரு பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம், 1,128 வீரர்களை அழைத்துச்செல்ல எத்தனை பேருந்துகள் வேண்டும்? ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். 32 என்று சரியாகச் சொன்னவர்கள் 23 சதவீதம் மட்டுமே. 29 சதவீதம் பேர் ‘31 பேருந்து, மீதி 12’ என்று எழுதினார்கள். மீதி 12 பேர் வெயிலில் நிற்கிறார்களே என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். “உன் விடையைக் கதைக்குள் திரும்பக் கொண்டுபோய் வை, பொருந்துகிறதா பார்” என்ற ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு கணக்குக்கும் பிறகு கேட்கப் பழக்குங்கள். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, ‘சிறிய கணக்காக்கிப் பார்’ என்ற உத்தி. ஆறு பேர் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ஒருமுறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்? இரண்டு பேருக்கு 1, மூன்று பேருக்கு 3, நான்கு பேருக்கு 6, ஐந்து பேருக்கு 10 என்று அடுக்கிக்கொண்டே வந்தால் 15 தானாகத் தெரியும். கூடவே 2, 3, 4 என்று வளரும் ஒழுங்கும் கண்ணில் படும். இந்த வகைக் கணக்குகளுக்கு அடுத்து வரும் பட்டைப்படம் உதவாது.

பட்டைப்படம்

சிங்கப்பூரில் 1980-களில் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு தொடக்கப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறை இது. பிள்ளைகளுக்கு அடிப்படைக் கணக்கிலும் வாக்கியக் கணக்கிலும் இருந்த தடுமாற்றத்தைப் போக்கவே அது தொடங்கப்பட்டது. ஒவ்வொரு அளவையும் ஒரு நீளச் செவ்வகமாக வரைந்து, அளவுகளுக்கு இடையே உள்ள உறவை நீளங்களால் காட்டுவதுதான் முழு உத்தியும். முதலில் பொருள், பிறகு படம், கடைசியில் குறியீடு என்ற படிநிலைக்கு ஜெரோம் புரூனரின் 1960-களின் சிந்தனை அடித்தளம்.

முன்னே பார்த்த புத்தகக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். ‘இது தம்பியிடம் இருப்பதைவிட 8 அதிகம்’ என்ற வரியை வரையச் சொன்னால் பிள்ளை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்: யாருடைய பட்டை நீளம்? அந்தக் கேள்விக்குக் குறிச்சொல் பட்டியலில் இடமே இல்லை. அக்காவின் பட்டை நீளம், அதன் மேல் 24 என்று எழுதியாகிவிட்டது. தம்பியின் பட்டை அதைவிட 8 குட்டை. இதற்குப் பிறகு கூட்டலா கழித்தலா என்ற சந்தேகம் வருவதற்கு வழியில்லை.

இந்த முறையின் உண்மையான வலிமை மடங்குக் கணக்குகளிலும் பின்னக் கணக்குகளிலும் தெரியும். அக்கா, தம்பி இருவரிடமும் சேர்த்து 60 கோலிக்குண்டுகள். அக்காவிடம் இருப்பது தம்பியிடம் இருப்பதைப்போல் 3 மடங்கு. தம்பிக்கு ஒரு கட்டம், அக்காவுக்கு அதே அளவில் மூன்று கட்டங்கள். நான்கு கட்டங்கள் சேர்ந்து 60 என்றால் ஒரு கட்டம் 15. தம்பியிடம் 15, அக்காவிடம் 45. பிறகு இதைக் கேளுங்கள்: “இருவரிடமும் சமமாக இருக்க அக்கா எத்தனை கொடுக்க வேண்டும்?” எண்களோடு மல்லுக்கட்டும் பிள்ளை பெரும்பாலும் 30 என்று சொல்லும், ஏனென்றால் வேறுபாடு 30. படத்தைப் பார்க்கும் பிள்ளை அக்காவின் ஒரு கட்டத்தைத் தம்பிப் பக்கம் விரலால் நகர்த்திக் காட்டும். இரண்டு இரண்டு கட்டம், ஆகவே 15. அந்த விரல் நகர்வைப் பார்த்த பிறகுதான் நான் இந்த முறைக்கு முழுதாக மாறினேன்.

பின்னத்துக்கு ஒன்று. ஒருத்தி ஒரு புத்தகத்தில் ஐந்தில் இரண்டு பங்கை முதல் நாள் படித்தாள். மீதியில் பாதியை மறுநாள் படித்தாள். இன்னும் 36 பக்கங்கள் இருக்கின்றன. புத்தகத்தில் மொத்தம் எத்தனை பக்கங்கள்? எண்களை மட்டும் கொண்டு இதைச் செய்யும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அரிது. பட்டையில் ஐந்து கட்டம் வரைந்து இரண்டை நிழலிட்டால் மூன்று மிஞ்சும். மூன்றைப் பாதியாக்க முடியவில்லை என்று தவிப்பார்கள், அந்தத் தவிப்பு நல்லது. யாராவது ஒருவர் எல்லாக் கட்டங்களையும் இரண்டாக வெட்டலாம் என்று கண்டுபிடிப்பார். இப்போது பத்துக் கட்டம். முதல் நாள் நான்கு, மறுநாள் மூன்று, மிச்சம் மூன்று. மூன்று கட்டம் 36 என்றால் ஒன்று 12, புத்தகம் 120 பக்கம். சமபின்னம் என்பது எதற்காக என்பதையும் அந்த வெட்டு சொல்லிக்கொடுத்துவிட்டது. பின்னாளில் இதே பட்டை x ஆக மாறும்போது இயற்கணிதம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

அமெரிக்கக் கல்வித்துறையின் ஆய்வுப் பிரிவு 2012-ல், நான்கு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்குத் தீர்க்கக் கற்பிப்பது குறித்து ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் இருந்த ஐந்து பரிந்துரைகளில் வலுவான சான்று உள்ளவை என்று இரண்டை மட்டுமே குறித்திருந்தார்கள். ஒன்று, படங்களால் உறவைக் காட்டக் கற்பிப்பது. மற்றது, தான் செய்வதைத் தானே கவனித்துத் திருத்திக்கொள்ளப் பழக்குவது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, நேரம். பட்டைப்படம் இயல்பாக வர ஒரு பருவத்தின் பெரும்பகுதி ஆகும். முதல் சில வாரங்களில் பிள்ளைகள் முன்பைவிட மெதுவாகச் செய்வார்கள். “விடைதான் தெரிகிறதே, எதற்கு வரைய வேண்டும்?” என்று நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே முரண்டுபிடிப்பார்கள். அவர்களுக்கு மனத்தில் முடிக்க இயலாத கணக்கைக் கொடுங்கள், எளிய கணக்குக்கு வரையச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இரண்டாவது, அளவுகோல் வைத்து மில்லிமீட்டர் சுத்தமாக வரைய ஆரம்பித்துவிடுவார்கள். கைபோன போக்கில் வரைந்தால் போதும், எது நீளம் எது குட்டை என்பதுதான் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவது, ஆசிரியரே பலகையில் வரைந்துவிட்டால் பயன் பாதியாகிவிடும். படத்தைப் பார்த்து எழுதுவது எளிது, கதையைப் படமாக்குவதுதான் கற்றல். தொடக்கத்தில் காகிதப் பட்டைகளை வெட்டிக் கொடுத்து மேசைமேல் நகர்த்தவிட்டால் இந்தச் சிக்கல் குறைகிறது.

செய்துகாட்டிய கணக்குகள்

ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985-ல் இயற்கணிதம் கற்போரிடம் கண்டது இது. தொடக்க நிலையில் இருப்பவர்கள் நிறையக் கணக்குகளைத் தாமே போட்டுப் பார்ப்பதைவிட, முழுதாகச் செய்துகாட்டிய கணக்கை ஊன்றிப் படித்து உடனே அதுபோல் ஒன்றைச் செய்தால் குறைந்த நேரத்தில் நன்றாகக் கற்கிறார்கள். புதியவரின் மனத்தில் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய சுமை குறைவு. வழி தேடுவதிலேயே அது நிறைந்துவிட்டால் கணக்கின் அமைப்பைக் கவனிக்க இடம் மிஞ்சுவதில்லை.

மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கும் ‘எனக்கு வராது’ என்று முதலிலேயே ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இதைவிடக் கனிவான நுழைவாயில் வேறு இல்லை. முதல் கணக்கை முழுதாகக் கொடுங்கள். அடுத்ததில் கடைசிப் படியை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கடுத்து கடைசி இரண்டு படிகளை. இப்படிப் பின்னாலிருந்து கைகளை எடுத்துக்கொண்டே வந்தால் பிள்ளை தானாக நடக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு படிக்கும் “ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள்?” என்று கேட்க மறக்கக்கூடாது. கேட்காவிட்டால் இது வெறும் பார்த்தெழுதுவது ஆகிவிடும். வேண்டுமென்றே ஓரிடத்தில் தவறாகச் செய்த கணக்கைக் கொடுத்து, பிழை எங்கே என்று தேடச் சொல்வதும் பலன் தருகிறது. சொந்தப் பிழையைப் பார்க்கக் கூச்சப்படும் பிள்ளைகள் அடுத்தவர் பிழையை உற்சாகமாகத் தேடுவார்கள்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. கொஞ்சம் தேறியவர்களுக்கு இதே உதவி இடைஞ்சலாக மாறுகிறது என்பதையும் இதே துறை ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். நடக்கத் தெரிந்த பிள்ளையைக் கைபிடித்து இழுத்துப்போவது போலத்தான். எப்போது விலகிக்கொள்வது என்பதைப் பிள்ளைக்குப் பிள்ளை பார்க்க வேண்டும். பெரிய வகுப்பில் அது எளிதல்ல.

முட்டிமோதவிட்டுக் கூடிப் பேசுவது

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளின் கணக்கு வகுப்பு இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. ஒரு பாடவேளைக்கு ஒரே கணக்கு. பிள்ளைகள் முதலில் தாமாக முயல்கிறார்கள். ஆசிரியர் வரிசைகளுக்கு இடையே நடந்து, யார் எந்த வழியில் செய்கிறார் என்று குறித்துக்கொள்கிறார். பிறகு தேர்ந்தெடுத்த சிலரைப் பலகைக்கு அழைத்து, அவர்கள் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பேசவைக்கிறார். பிசைந்து பதப்படுத்துவது என்ற பொருளில் இந்தக் கூட்டு விவாதத்தை ‘நெரியாகே’ என்று அழைக்கிறார்கள்.

20 தலைகள், 56 கால்கள், வாத்துகளும் பசுக்களும் கலந்து நிற்கின்றன, எத்தனை பசுக்கள் என்ற பழைய கணக்கை இப்படி நடத்திப் பாருங்கள். சிலர் 20 வட்டங்கள் வரைந்து எல்லாவற்றுக்கும் இரண்டு கால் போட்டு, மிச்சமுள்ள 16 கால்களை இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டே வருவார்கள். சிலர் 10, 10 என்று தொடங்கி அட்டவணை போட்டுக் கூட்டிக் குறைப்பார்கள். ஒருவரோ இருவரோ மட்டும் “எல்லாம் வாத்து என்றால் 40 கால், 16 குறைகிறது, ஆகவே 8 பசு” என்பார்கள். படம் வரைந்தவரை முதலில் பேசவிட்டுக் கடைசியாக இவரைப் பேசவிட்டால், இவர் மனத்தில் செய்ததைத்தான் முதலாமவர் பென்சிலால் செய்தார் என்பதை வகுப்பே கண்டுகொள்ளும். அந்த நேரத்து அமைதியும் அதற்குப் பின் எழும் ஆரவாரமும் வேறு எந்த முறையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படியானால் இதையே முதன்மையாக வைக்கலாமே? மனு கபூர் 2008-லிருந்து முன்வைத்துவரும் ‘பயனுள்ள தோல்வி’ என்ற கருத்து, முதலில் தோற்றுப் பிறகு கற்றவர்கள் ஆழமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்கிறது. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேல்வகுப்பு மாணவர்களிடம் நடந்தவை, தொடக்கப் பள்ளி வயதில் அந்த நன்மை அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. என் அனுபவமும் அதையே சொல்கிறது. கையில் எந்தக் கருவியும் இல்லாத பிள்ளை முட்டிமோதும்போது கற்பதைவிடக் காயப்படுவதே அதிகம். பேச்சுத்திறன் உள்ள நான்கைந்து பேர் பாடவேளையை எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் யாராவது விடை சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். ஆசிரியருக்கும் தயாரிப்பு அதிகம். எந்தெந்த வழிகள் வரக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து வைக்காவிட்டால் விவாதம் சந்தைக்கடை ஆகிவிடும்.

எந்த வகுப்புக்கு எது?

நாற்பது பேர் உள்ள வகுப்பு, வாரம் ஐந்து பாடவேளை, பெரும்பாலோர் இரண்டாவது, மூன்றாவது வாசலில் நிற்கிறார்கள் என்றால் பட்டைப்படத்தை நடுவில் வையுங்கள். அதைப் பழக்குவதற்கே செய்துகாட்டிய கணக்குகளைப் பயன்படுத்துங்கள், முதல் ஆறு வாரங்களுக்கு இரண்டையும் பிரிக்க வேண்டாம். பட்டை வரைந்து முடித்த கணக்கு, பாதி வரைந்த கணக்கு, வெறும் கதை என்ற வரிசை போதும். பட்டை கைக்கு வந்த பிறகு வாரத்தில் ஒரு பாடவேளையை மட்டும் முட்டிமோதும் வேளையாக ஒதுக்குங்கள். அதற்குப் பட்டையால் செய்ய முடியாத கைகுலுக்கல் மாதிரிக் கணக்குகளையும் கலந்து கொடுங்கள், இல்லாவிட்டால் பட்டையே புதிய குறிச்சொல் ஆகிவிடும். குறிச்சொல் அட்டை சுவரில் இருந்தால் இறக்கிவிடுங்கள்.

பதினைந்து பேருக்குள் உள்ள வகுப்பு, ஓரளவு தேறிய பிள்ளைகள் என்றால் விகிதத்தை மாற்றலாம். வாரத்தில் இரண்டு மூன்று வேளை கூட்டு விவாதத்துக்குத் தாங்கும். பட்டைப்படம் அங்கே பல வழிகளில் ஒன்றாக இருக்கட்டும்.

வீட்டில் ஒரே பிள்ளைக்குச் சொல்லித்தரும் பெற்றோருக்கு என் யோசனை வேறு. புது முறை எதையும் தொடங்க வேண்டாம், பள்ளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகப் போனால் பிள்ளை குழம்பும். கணக்கிலுள்ள எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். “அக்காவிடம் கொஞ்சம் புத்தகங்கள் உள்ளன. இது தம்பியிடம் இருப்பதைவிடச் சில அதிகம்.” யாரிடம் கூட, யாரிடம் குறைவு என்று பேசுங்கள். எண் இல்லாதபோது பிள்ளைக்குச் செய்வதற்கு எதுவும் இருக்காது, யோசிப்பதைத் தவிர. பேசி முடித்த பிறகு எண்களைக் காட்டுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்பவர்கள் பட்டைப்படத்தைத் தொடங்காதீர்கள். அவ்வளவு குறைந்த நாளில் அது குழப்பத்தையே தரும். செய்துகாட்டிய கணக்குகளும், விடையைக் கதைக்குள் வைத்துப் பார்க்கும் பழக்கமும் அந்த நாட்களுக்குப் போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எட்டு வாரம் கழித்து அதே பத்துப் பிள்ளைகளை மறுபடி பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். தடுக்கும் இடம் ஒரு வாசலாவது தள்ளிப்போயிருந்தால் வழி சரி. மூன்றில் நின்ற பிள்ளை நான்கில் நின்றால் மதிப்பெண் மாறியிருக்காது, ஆனால் முன்னேறியிருக்கிறது, இனி அதற்குக் கணக்கிடும் பயிற்சியைத் தயங்காமல் கொடுக்கலாம். கூடவே ஒருநாள், முன்னறிவிப்பு இல்லாமல், வழக்கமான கணக்குகளுக்கு நடுவே கப்பல் தலைவரின் வயதையும் கேட்டுவிடுங்கள். எத்தனை பேர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.